மார்செய் நகரில் அதிக வாக்கு பெறும் கட்சிக்குத்தான் மேயர் பதவி கிடைக்குமா?

அப்படி எந்த உறுதியும் இல்லை. பல ஆண்டுகளாக இந்த ஊரில் வாக்களித்து வருபவள் நான். பிரான்சின் இந்தத் துறைமுக நகரத்து அரசியலைப் புரிந்துகொள்ள விரும்பினால், கட்சிகளின் பெயர்களுக்கு முன்னால் ஊரின் வரைபடத்தைப் பாருங்கள்.

இங்கே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊரின் 16 வட்டங்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து 8 செக்டர்களாக வகுத்திருக்கிறார்கள். 2020 தேர்தல் வரை ஒவ்வொரு செக்டரிலும் கட்சிகள் தனித்தனிப் பட்டியலை நிறுத்தின. முதலிடம் பிடித்த பட்டியலுக்கு அந்தச் செக்டரின் பாதி இடங்கள் அப்படியே போய்விடும். மீதிப் பாதியைத்தான் வாக்கு விகிதப்படி பங்கிடுவார்கள். இப்படி வந்த 101 நகர மன்ற உறுப்பினர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு செக்டரில் வாக்குகளை மலைபோல் குவித்துவிட்டு, பக்கத்துச் செக்டரில் நூலிழையில் தோற்றால் கணக்கு மாறிவிடும்.

இதற்கான சட்டம் 1982 டிசம்பரில் வந்தது. அன்று நாட்டின் உள்துறை அமைச்சராக இருந்த சோஷலிஸ்ட் தலைவர் கஸ்தோன் தெஃபேர்தான் 1953 முதல் மார்செய்யின் மேயர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஊர் முழுவதும் சேர்த்து எண்ணினால் வலதுசாரி ழான்-குளோத் கொதேனின் அணிக்கே கூடுதல் வாக்குகள். மேயர் நாற்காலியில் அமர்ந்தவர் தெஃபேர். கொதேன் 1995 வரை காத்திருந்து மேயரானார். பிறகு 25 ஆண்டுகள் அவர் ஆட்சிதான். அதிலும் 2008இல் அவர் பக்கம் இருந்தவர்கள் 101 பேரில் 51 பேர் மட்டுமே.

இந்த முறையில் எனக்கிருந்த பெரிய கோபம் இதுதான்: எப்படியும் ஜெயிக்கும் செக்டர், எப்படியும் தோற்கும் செக்டர் இரண்டையும் கட்சிகள் மறந்துவிட முடிந்தது. இழுபறியான ஒன்றிரண்டு செக்டர்களைக் கவனித்தால் போதுமாக இருந்தது. ஊரின் நடுவிலேயே இருக்கும் ஏழைக் குடியிருப்பான நுவாய் பகுதியில், 2018 நவம்பர் 5 அன்று தொபாஞ் வீதியின் பழைய கட்டடங்கள் இடிந்து 8 பேர் இறந்தார்கள். அந்த வீட்டுச் சுவர்களின் நிலை பற்றி முன்பே எச்சரிக்கைகள் போயிருந்தன. மசாலாப் பொருள் வாங்க நான் வழக்கமாக நடந்துபோகும் தெரு அது. இன்றும் அந்த வெற்றிடத்தைக் கடக்கும்போது கால் தானாக நின்றுவிடுகிறது.

அந்த மரணங்களின் கோபத்தில்தான் இடதுசாரிகளும் பசுமைக் கட்சியினரும் பொதுமக்களும் சேர்ந்து ‘மார்செய் வசந்தம்’ என்ற கூட்டணியை உருவாக்கினார்கள். 2020 ஜூனில் அவர்களுக்குச் சுமார் 38 சதவீத வாக்குகள் கிடைத்தன. வலதுசாரிகளின் மேயர் வேட்பாளர் மார்த்தின் வசால், செல்வந்தர்கள் வாழும் தன் சொந்த செக்டரிலேயே தோற்றார். ஆனாலும் கூட்டணிக்குக் கிடைத்தவை 42 இடங்கள்தான். 13, 14ஆம் வட்டங்களில் தீவிர வலதுசாரிகள் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக இவர்கள் தங்கள் பட்டியலையே விலக்கிக்கொண்டார்கள். அங்கே ஓர் இடம்கூட இல்லாமல் போகும் என்று தெரிந்தே செய்தார்கள். அதை நான் இன்றும் மதிக்கிறேன்.

முடிவு, வடக்குக் குடியிருப்புகளில் வென்ற சமியா காலியிடம் வந்து நின்றது. அவர் கையில் 8 இடங்கள். ஜூலை 4 அன்று மன்றத்தில் நடந்த மேயர் தேர்வின் முதல் சுற்றில் தானே போட்டியிட்டு, பிறகு விலகிக் கூட்டணிக்கு ஆதரவு தந்தார். 51 வாக்குகளோடு கூட்டணியின் வேட்பாளர் மிஷேல் ரூபிரோலா மார்செய்யின் முதல் பெண் மேயரானார். டிசம்பரில் அவர் விலக, பெனுவா பயான் வந்தார்.

2025 ஆகஸ்ட் சட்டம் இதை மாற்றியிருக்கிறது. 2026 தேர்தல் முதல் செக்டர் மன்றத்துக்கு ஒரு வாக்கு, நகர மன்றத்துக்குத் தனியாக ஒரு வாக்கு. ஊர் முழுவதும் ஒரே எண்ணிக்கை. முதலிடத்துக்கான கூடுதல் பங்கும் நகர மன்றத்தில் பாதியிலிருந்து கால்பங்காகக் குறைந்துவிட்டது. மேயரை மன்றம்தான் தேர்ந்தெடுக்கும். ஆனாலும் இப்போதுதான் வடக்கில் விழும் வாக்கும் தெற்கில் விழும் வாக்கும் ஒரே எடை பெறுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குப்பை அள்ளுவதும் பஸ், மெட்ரோ ஓட்டுவதும் நகராட்சியின் பொறுப்பில் இல்லை. 92 ஊர்களைச் சேர்த்து 2016இல் அமைத்த பெருநகர மன்றத்தின் கையில் அவை இருக்கின்றன. 2020இல் நகரத்தில் தோற்ற வசால், அதே ஜூலையில் அந்த மன்றத்தின் தலைவராக மீண்டும் தேர்வானார். புதிய சட்டம் இந்தப் பொறுப்புகளை நகராட்சியிடம் திருப்பித் தரவில்லை.