1972 எம்ஜிபி-க்கு 3.5 லிட்டர் ரோவர் வி8 போதும்
உங்கள் 1972 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ரோவரின் எட்டு சிலிண்டர் (வி8) எஞ்சினைப் பொருத்த வேண்டும், 3.5 லிட்டர் கார்புரேட்டரா, 3.9 லிட்டர் மின்னணு எரிபொருள் இன்ஜெக்‌ஷனா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் பழைய 3.5-ஐயே எடுங்கள். தொழிற்சாலையே 1973-இல் அந்த 3,528 சிசி எஞ்சினை எம்ஜிபி-யின் மூடிய கூரை மாடலான ஜிடி வி8-இல் வைத்தது. அலுமினியம் என்பதால் உங்கள் காரில் இப்போதுள்ள இரும்பு எஞ்சினைவிட எடை பெரிதாக அதிகரிக்காது. இன்ஜெக்‌ஷனின் வயரிங்கும் கணினிப் பெட்டியும் தனித் தலைவலி.

பணம் கொடுக்கும் முன் வால்வு மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே தார் போலக் கறுப்புக் கசடு அப்பியிருந்தால் விட்டுவிடுங்கள். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் தேய்வது இந்த எஞ்சினின் பிறவிக் குணம். எஞ்சினைக் கையால் சுற்றி, எல்லா வால்வுகளும் ஒரே அளவு இறங்குகின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்று: எஞ்சினின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதிக்கும் (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) ஸ்டீயரிங் தண்டுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. அளக்காமல் வாங்காதீர்கள். காரிலிருந்து கழற்றிய பழைய எஞ்சினை விற்றுவிடாதீர்கள், தயவுசெய்து.