மார்கழியில் பிறந்த குழந்தைக்குப் பெயர்: கேள்வி பதில்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகள் இவை. எல்லாமே பனிக்காலத்திலோ கிறிஸ்துமஸ் ஒட்டியோ பிறந்த, பிறக்கப்போகும் குழந்தைகளுக்கானவை.

கொடைக்கானல்: ஜனவரி முதல் வாரம் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். பனிக்காலம் என்பதால் "பனிமய மேரி" என்று வைக்க நினைக்கிறோம். சரியா அக்கா?

அருமையான பெயர். ஆனால் அது பனிக்காலப் பெயர் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வையுங்கள். பனிமய மாதா திருநாள் ஆகஸ்ட் 5. ரோமில் எஸ்குலின் குன்றின்மேல் கோடையில் பனி பெய்தது என்ற மரபுக்கதையிலிருந்து வந்த பெயர் அது. தூத்துக்குடி பேராலயத் திருவிழா நடப்பதும் அப்போதுதான். பிறந்த நாளை ஒட்டியே நாமவிழா, அதாவது பெயருக்குரிய திருநாள், வரவேண்டும் என்றால் இது பொருந்தாது. மாதாவின்மேல் உள்ள பக்திக்காக வைப்பதென்றால் தயங்கவே வேண்டாம். கூப்பிட "பனிமா" என்று சுருங்கும், காதுக்கும் நன்றாக இருக்கும்.

குன்னூர்: பையன் என்றால் "நோயல்" என்று முடிவு செய்துவிட்டோம். ஏதாவது சிக்கல் உண்டா?

பிரெஞ்சில் கிறிஸ்துமஸ் என்றே பொருள், குறையில்லை. தமிழில் எழுதும்போதுதான் முதலில் "நோய்" கண்ணில் படும். தமிழ் வழிப் பள்ளியில் வருகைப் பதிவு வாசிக்கும்போது மற்ற பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் தனியாக வைக்காமல் இரண்டாம் பெயராக வையுங்கள்: "ஆரோன் நோயல்", "ஜோயல்" தவிர வேறெதுவும். ஜோயல் நோயல் என்றால் நாக்கு சுளுக்கும்.

இம்மானுவேல் எனக்கு இதைவிடப் பிடித்தது. ஏசாயா 7:14-இல் வந்து மத்தேயு 1:23-இல் கிறிஸ்துவின் பிறப்போடு சேரும் பெயர். கடவுள் நம்மோடு என்று மத்தேயுவே பொருளும் சொல்லிவிடுகிறார். ஆங்கிலத்தில் ஐ எழுத்தில் தொடங்குவதா, ஈ எழுத்தில் தொடங்குவதா, எம் ஒன்றா இரண்டா என்று முதல் நாளே தீர்மானியுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் ஆதாரில் ஒன்றும் இருந்தால் பிறகு அலைச்சல்தான்.

கூடலூர்: கணவர் கிறிஸ்தவர், நான் இந்து. இரண்டு வீட்டுக்கும் ஒத்துவரும் பெண் பெயர் வேண்டும். டிசம்பர் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

ஆதிரை. இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைப்பது கஷ்டம். திருவாதிரை நட்சத்திரத்தின் பெயர் அது. மார்கழித் திருவாதிரைதான் ஆருத்ரா தரிசனம், உங்கள் அம்மா வீட்டில் களி கிண்டும் நாள். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவளும் ஆதிரைதான். கணவர் வீட்டுக்கு நட்சத்திரம் என்ற பொருளே போதும், கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டும் வீடுதானே. டிசம்பரில் மேகம் இல்லாத முன்னிரவில் கிழக்கே பார்த்தால் சிவந்த நிறத்தில் தெரிவது அந்த நட்சத்திரம்தான், பெரியவர்களுக்கே காட்டலாம். கிறிஸ்துமஸ் எப்படியும் மார்கழி 9 அல்லது 10-ஆம் தேதிதான்.

ஞானஸ்நானத்துக்குத் தமிழ்ப் பெயர் ஆகாது என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் கேட்பது, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயராக இருக்கக்கூடாது என்பது மட்டும். நட்சத்திரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வேண்டுமானால் "ஸ்டெல்லா ஆதிரை" என்று சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டெல்லா என்றாலும் நட்சத்திரம்தான்.

கோத்தகிரி: பனி என்று பொருள் வரும் பெயர்கள் சொல்லுங்கள்.

பெண்ணுக்குப் பனிமலர், பனிமதி, வெண்பனி, ஹிமா, ஹிமானி, நிஹாரிகா. ஆணுக்கு ஹேமந்த், துஷார், இமயன். ஹேமந்த் முன்பனிக்காலம், அதாவது மார்கழியும் தையும். மாசியில் பிறந்தவனுக்கு ஷிஷிர் பொருந்தும்.

இரண்டு எச்சரிக்கை. ஹேமா என்றால் பொன், பனி இல்லை. பனி வேண்டுமென்றால் ஹிமா. அடுத்து, பனி, பணி இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகள். பதிவாளர் அலுவலகத்தில் "பணிமலர்" என்று தட்டச்சு ஆகிவிட வாய்ப்பு அதிகம். விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுத்து, திரையில் ஏற்றியதும் இரண்டுசுழி னகரத்தைப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள்.

உறைபனியை நேரே சுட்டும் பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. தேயிலையைக் கருக்கும் பனியைத் தோட்டக்காரர் வீட்டில் யாரும் ஆசையாகக் கூப்பிட மாட்டார்கள்.

ஊட்டி, காந்தல்: டிசம்பர் 26 பிறந்த பையன். அந்த நாளுக்குரிய பெயர்?

புனித ஸ்டீபன் திருநாள். ஊட்டியில் 1830-இல் பிரதிஷ்டை ஆன தேவாலயமும் அவர் பெயரில்தான். தமிழில் முடியப்பன், கிரேக்கத்தில் உள்ள கிரீடம் என்ற பொருளை அப்படியே வைத்த பழைய பெயர். தாத்தா பெயர் போல இருக்கிறது என்று ஒதுக்காதீர்கள். 27 என்றால் புனித யோவான் திருநாள், அவர் பெயரின் தமிழ் வடிவம் அருளப்பன்.

மஞ்சூர்: பிரசவம் கோவை மருத்துவமனையில். பெயர் இன்னும் வைக்கவில்லை. எங்கே, எப்போது பதிவது?

பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு, வீடு இருக்கும் இடத்தில் இல்லை. மாநகராட்சி எல்லைக்குள் உள்ள மருத்துவமனை என்றால் கோவை மாநகராட்சியில். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதை மருத்துவமனையே தெரிவித்துவிடும், பெயர் இல்லாமலும் பதிவாகும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை. ஒருமுறை ஏறிய பெயரை வேறு பெயராக மாற்றுவது எழுத்துப்பிழை திருத்துவது போல அல்ல, அரசிதழ் வரை போக வேண்டிவரும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இந்தச் சான்றிதழையே கேட்பார்கள். ஆகவே அவசரப்பட வேண்டாம், ஆனால் முதல் பிறந்தநாளைத் தாண்டவும் விடாதீர்கள்.

பண்ணைக்காடு: ஞானஸ்நானப் பெயர் ஒன்று, சான்றிதழில் வேறு. பரவாயில்லையா?

வழிபாட்டுக்குத் தடை இல்லை. கோயில் கல்யாணத்தின்போதுதான் இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கச் சொல்வார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதும்போதே பங்குத்தந்தையிடம் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கொடுத்து, அதிலுள்ள பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.