ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்கின் ஆணையருக்கு அப்படி என்னதான் வேலை?

ஆணையர் என்பவர் லீக்கின் தலைமை நிர்வாகி. விதி, அட்டவணை, தண்டனை எல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். கனடாவின் ஒன்டாரியோ ஹாக்கி லீக்கில் 1979 முதல் 2024 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் டேவிட் பிராஞ்ச். இடையே 1996 முதல் 2019 வரை, மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளின் கூட்டமைப்புக்கும் அவரே தலைவர்.

இப்படியொருவர் ஏன் தேவை? ஆடுபவர்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பையன்கள். வீட்டை விட்டு வந்து, வேறொரு குடும்பத்தில் தங்கி, பள்ளிக்கும் போய்க்கொண்டு ஆடுகிறார்கள். அணிக்கு வெற்றி வேண்டும். பையனுக்கோ படிப்பும் உடையாத மண்டையும் வேண்டும். தேரை இழுப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் இல்லாவிட்டால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும் அல்லவா? பிராஞ்ச் போட்ட கட்டைகளில் ஒன்று 2012இல் வந்தது: ஒரு பருவத்தில் பத்துக்கு மேல் கைச்சண்டை போட்டால் ஆடத் தடை. கைச்சண்டையை வீரமாகக் கொண்டாடும் ஆட்டத்தில் இது சாதாரண முடிவல்ல.

ஆணையர் லீக்கின் முதலாளி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அணி உரிமையாளர்கள்தான் அவரை நியமிக்கிறார்கள், ஆனாலும் ஆள்சேர்ப்பு விதியை மீறியதாக 2012இல் அதே லீக்கின் வின்ட்சர் அணிக்கு பிராஞ்ச் 4 லட்சம் டாலர் அபராதம் விதித்தார், பின்னர் அது குறைக்கப்பட்டது.