புது வீட்டில் பாட்டு காதைக் குத்துகிறதா?

கேள்வி: செந்தூலில் தரை வீட்டிலிருந்து கொண்டோவுக்கு மாறினோம். அதே ஆம்ப்ளிஃபயர், அதே ஸ்பீக்கர். ஆனால் இப்போது ஜால்ரா சத்தமும் பாடுபவரின் 'ஸ' ஒலியும் காதைக் குத்துகின்றன. கொஞ்ச நேரத்திலேயே தலை வலிக்கிறது. 4,000 வெள்ளிக்கு வேறு ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். கருவி எதுவும் மாறவில்லை, வீடுதான் மாறியிருக்கிறது. அதனால் முதல் சந்தேகம் வீட்டின் மேல்தான் வர வேண்டும்.

கோலாலம்பூர் கொண்டோ வரவேற்பறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: டைல் தரை, சிமெண்டுச் சுவர், பால்கனிப் பக்கம் பெரிய கண்ணாடிக் கதவு. மூன்றுமே உச்ச ஒலியை (ஜால்ரா, 'ஸ' போன்ற கூர்மையான ஒலியை) உறிஞ்சாமல் திருப்பி அனுப்புபவை. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியோடு இந்த எதிரொலியும் சேர்ந்து காதில் விழுகிறது. அறை நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு 'டிர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்டால் காரணம் அறைதான்.

அதற்கு முன் வயரைப் பார்த்துவிடுங்கள். வீடு மாறும்போது அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஸ்பீக்கர் வயரின் சிவப்பு முனையும் கறுப்பு முனையும் இடம் மாறியிருக்கலாம். அப்படி ஆனால் இரண்டு ஸ்பீக்கரின் அடிநாதமும் (தாழ்ந்த, கனத்த ஒலியும்) ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது மெலிந்த, கீச்சென்ற ஒலி. பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் கலைந்து கேட்பது இதற்கு அடையாளம்.

அப்புறம் ஸ்பீக்கரின் திசை. ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஒலியைத் தரும் சின்னப் பகுதி) உங்கள் காதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால், முகப்பைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். உச்ச ஒலி குறுகலாக நேரே பாய்வது. சற்று விலகி உட்கார்ந்தாலே அதன் கூர்மை குறையும். பின்சுவரை ஒட்டி ஸ்பீக்கரை நகர்த்தினால் அடிநாதம் கூடும், அதனாலும் ஒலி சமமாகும். இரண்டுக்கும் செலவே இல்லை.

செலவு செய்வதென்றால் முதலில் தரைவிரிப்பு. ஸ்பீக்கருக்கும் உங்கள் நாற்காலிக்கும் நடுவே தடிமனாக ஒன்று போடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், அதனால் துவைத்துக் காயவைக்க முடிந்ததாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடிக் கதவுக்கு மெல்லிய வலைத் துணி போதாது. மடிப்பு மடிப்பாக விழும் கனமான திரைச்சீலை வேண்டும். பக்கச் சுவரில் எங்கே பட்டு ஒலி திரும்புகிறது என்று கண்டுபிடிக்க, நீங்கள் நாற்காலியில் இருக்க, வீட்டில் ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோரமாக நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ட்வீட்டர் தெரிகிறதோ, அங்கே ஒரு புத்தக அலமாரி வையுங்கள். விலையுயர்ந்த வெள்ளிக் கம்பி வயர் இதில் எதையும் செய்யாது. யார் சொன்னாலும் அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தும் குத்தினால், ஆம்ப்ளிஃபயரில் டிரெபிள் (உச்ச ஒலி) குமிழைக் கொஞ்சம் குறையுங்கள். அதற்காகத்தான் அது இருக்கிறது, வெட்கப்பட வேண்டியதில்லை.

கடைசியில் ஆம்ப்ளிஃபயர் மாற்றத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். 'இந்தக் குறையைத் தீர்க்கும்' என்று கடைக்காரர் சொன்னதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நீங்கள் சொன்ன தேவைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. ரசீதில் எழுத்து இருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும்.