ஹிரேபெணகல்: கல்திட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் ஹம்பி போகிறோம். அங்கிருந்து ஹிரேபெணகல் மலைக்குப் போய், பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகளை ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடியுமா? பத்து வயது மகனும் வருகிறான். அவற்றைப் பாண்டவர் வீடு என்கிறார் மாமனார். வீடுகளா, கல்லறைகளா?
– வாசகி, ஓசூர்

பதில்: ஒரு நாள் போதும், ஆனால் அதே நாளில் ஹம்பியையும் சேர்க்க வேண்டாம். ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசப்பேட்டையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், கங்காவதியிலிருந்து 10. வண்டியை ஊரில் விட்டுவிட்டு உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாறைகளுக்கு நடுவே தடம் அடிக்கடி மறைந்துவிடும். கல்திட்டை மலைக்கு ஊரார் வைத்த பெயர் ‘மோரியர் குட்ட’; அப்படிக் கேட்டால் அங்கே தெரியும். காலை ஆறரைக்கே ஏறத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள ஷூ, முழுக்கால் சட்டை. அந்தப் பக்கத்து மலைகளில் கரடியும் சிறுத்தையும் உண்டு, இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும்.

அவை வீடுகள் அல்ல, இறந்தவர்களுக்கான ஈமச்சின்னங்கள், கி.மு. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை. சுமார் 400 இருக்கின்றன. 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. மாமனார் சொல்லும் பெயர் நம் பக்கத்திலும் உண்டு. உங்கள் மாவட்டத்து மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளையும் ஊரார் அப்படித்தான் சொல்கிறார்கள். முடிந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள், கண் பழகிவிடும்.

கேள்வி: சுண்ணாம்பும் இல்லை, கலவையும் இல்லை. அவ்வளவு பெரிய பலகைக்கல் எப்படி விழாமல் நிற்கிறது?
– வாசகர், தருமபுரி

பதில்: மூலையைக் குனிந்து பாருங்கள். பல திட்டைகளில் ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகையைத் தாண்டி ஒரு சாண் நீண்டிருக்கும். நான்கு மூலையும் இப்படிச் சுற்றி வந்தால், ஒன்று உள்ளே சாயப் பார்க்கும்போது அடுத்தது முட்டுக்கொடுக்கும். மேலே மூடுகல்லின் பாரம் எல்லாவற்றையும் அழுத்திப் பிடிக்கிறது. அடியில் சந்துகளில் சிறு கற்களைச் செருகி இறுக்கியிருப்பார்கள்.

வருகிறவர்கள் கெடுப்பது அந்தச் சிறு கற்களைத்தான். உதிரிக்கல் என்று நினைத்து உருவினால் பலகை மெல்லச் சாயும்; மூடுகல்லின் பாரம் ஒரு பக்கம் இறங்கி, அது விரிசல் விடும். படம் எடுக்க மூடுகல் மேல் ஏறினாலும் இதே கதைதான். புதையல் ஆசையில் தோண்டிச் சாய்த்தவை எத்தனையோ, பார்த்தால் வயிறு எரியும். பக்கத்தில் நெருப்பு மூட்டினால் கருங்கல் தோல் தோலாக உரியும்.

பலகையிலுள்ள வட்டத் துளைக்கு இடுதுளை என்று பெயர். கையை விடாதீர்கள், பாம்பும் தேளும் இருக்கும். டார்ச் அடித்து வெளியிலிருந்தே பார்க்கலாம். ஹிரேபெணகலில் உள்ள பாறை ஓவியங்களை ‘தெளிவாகத் தெரியட்டும்’ என்று தண்ணீர் தெளித்துத் துடைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உப்புப் பூத்துச் செங்காவி மங்கிவிடும். காலைச் சாய்வெயிலில் பாருங்கள், தண்ணீரே தேவைப்படாது.