தெருவில் கிடைத்த குட்டிக்கு முதல் சில வாரங்கள்

கேள்வி: நான்கு நாட்களுக்கு முன் மழையில் நனைந்தபடி சாக்கடை ஓரம் கத்திக்கொண்டிருந்த பெண் நாய்க்குட்டியை என் மகள் தூக்கி வந்துவிட்டாள். ரோசி என்று பேரும் வைத்தாகிவிட்டது. ஒன்றரை மாதம் இருக்கும் என்கிறார்கள். வயிறு மட்டும் உப்பியிருக்கிறது, காதுக்குள் உண்ணி. பசும்பால் கொடுத்ததிலிருந்து தண்ணீராகக் கழிகிறது. இரவெல்லாம் அழுகிறது. விளையாடும்போது மகளின் விரலில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. குளிப்பாட்டலாமா? எப்போது தடுப்பூசி போடுவது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரோசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல் பட்டு ரத்தம் கசிந்திருந்தால் அது கடிதான். குட்டி நாய்க்கும் வெறிநோய் வரும். "பால் பல்தானே, ஒன்றும் ஆகாது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நான்கு நாள் ஆகிவிட்டதே என்று தயங்கவும் வேண்டாம். ஊசி அங்கே இலவசம். தோலில் போடும் முறை என்றால் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று வரச் சொல்வார்கள். ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தையும் போடுவார்கள். குட்டி பத்து நாள் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டு அப்புறம் குட்டியைக் கவனியுங்கள். இனிமேல் பல்லோ நகமோ பட்டால் உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும்.

சரி, இப்போது ரோசி. பசும்பாலை இன்றோடு நிறுத்துங்கள். தாய் நாயின் பாலை விட அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை அதிகம், குட்டியின் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. குழைய வேகவைத்த சோறு, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்துப் பிய்த்த கோழிக்கறி, கொஞ்சம் அவித்த முட்டை, இவற்றைச் சிறிது சிறிதாக நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள். கழிச்சல் நின்றபின் குட்டிகளுக்கான உணவையும் மெல்லச் சேர்க்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு எதுவும் ஆகாது. வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமாலும் கொடுத்துவிடாதீர்கள்.

உப்பிய வயிறு பெரும்பாலும் குடற்புழுதான். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும், பால் வழியாகவும் வரும். பூச்சி மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் சேமியா சேமியாவாக வெளியேறுவதைப் பார்த்துப் பதறாதீர்கள், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அளவு எடையைப் பொறுத்தது என்பதால் கடையில் கேட்டு வாங்கி ஊற்றாமல் மருத்துவரிடம் எடை போட்டுக் கொடுங்கள். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. இந்தப் புழு முட்டைகள் குழந்தைகளையும் பாதிக்கும். ரோசியின் மலத்தை உடனே அள்ளிவிடுங்கள், மகள் கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

ஒன்று செய்து பாருங்கள். குட்டியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு காகிதம் போல வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கிறது, அன்றே காட்ட வேண்டும். உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கலக்கித் தடவிவிட்டு, வாயில் நுரை தள்ளி வலிப்போடு தூக்கி வரப்பட்ட குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குளியல் இப்போது வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் போக உலர்த்தினால் போதும்.

தடுப்பூசியில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஆறு வாரம் ஆகிவிட்டதால் கழிச்சல் நின்று தெம்பானதும், பார்வோ என்ற கொடிய வைரஸ் குடல்நோய் போன்றவற்றுக்கான முதல் ஊசி போடலாம். ஆனால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் மிச்சமிருந்தால் அது ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும். எந்தக் குட்டிக்கு அது எப்போது தீரும் என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் முடியும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரு ஊசி போட்டாச்சு என்ற தைரியத்தில் பார்க்குக்கு நடத்திக் கூட்டிப் போன ஒரு குட்டியை ஐந்தாம் நாள் பார்வோவோடு என்னிடம் கொண்டு வந்தார்கள். வாந்தி, ரத்தக் கழிச்சல். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் காப்பாற்ற முடியவில்லை. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், செருப்பில் ஒட்டியும் வீட்டுக்குள் வரும். வெளிச் செருப்பை வாசலிலேயே விடுங்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதம் முடிந்ததும்; அடுத்தது எப்போது என்று அப்போதே கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்காக ரோசியை அறைக்குள்ளேயே பூட்டி வைக்கவும் கூடாது. மூன்றரை மாதம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும். இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். பால்காரர், ஸ்கூட்டர், குக்கர் விசில், கோலம் போடும் பாட்டி எல்லாவற்றையும் பார்க்கட்டும், கேட்கட்டும்.

இரவு அழுவது உடன்பிறந்த குட்டிகளின் சூடு இல்லாததால். உங்கள் கட்டில் பக்கத்திலேயே ஓர் அட்டைப்பெட்டி, அதில் பழைய சேலை, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில். அழும்போது கையை உள்ளே விட்டு வையுங்கள், திட்டாதீர்கள். சில நாளில் அடங்கிவிடும். தூங்கி எழுந்ததும் சாப்பிட்டதும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போனால் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதும் பழகிவிடும்.

சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, கண்ணிலும் மூக்கிலும் சளி கட்டினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். இந்த வயதுக் குட்டிக்கு ஒரு ராத்திரி என்பது மிக நீண்ட நேரம். இப்போதைக்கு நாளைக் காலை ரோசியைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள், மலத்தில் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அவளைத் தரையில் மட்டும் இறக்கி விடாதீர்கள்.