மகள் போலீசையும் சிறையையும் கேள்வி கேட்கும் வழக்கறிஞராக வேண்டுமாம், விடலாமா?

கேள்வி: என் மகள் சட்டம் படிக்கிறாள், மூன்றாம் ஆண்டு. ஏதாவது பெரிய நிறுவனத்தில் சேர்ந்து நன்றாக இருப்பாள் என்று நானும் அவள் அப்பாவும் நினைத்திருந்தோம். இப்போது, போலீசோ சிறையோ தவறு செய்தால் கேள்வி கேட்கும் வழக்கறிஞராகப் போகிறேன் என்கிறாள். அமெரிக்காவில் இந்த வேலை செய்பவர்களின் பேட்டிகளாகப் பார்க்கிறாள். என் தம்பி சிறைத்துறை அதிகாரி. தீபாவளியன்று இந்தப் பேச்சு வந்து, மாமனும் மருமகளும் இன்னும் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிழைக்க முடியுமா, பெயர் கெட்டுவிடுமா என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, பிழைப்பைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். பெயர் கெடும் என்ற பயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மகள் பார்க்கும் அமெரிக்காவில் இது ஒரு முழுநேரத் தொழில். அதற்குக் காரணம் இருக்கிறது. அரசு அதிகாரி ஒருவர் அரசியல் சாசன உரிமையை மீறினால் அவர் மேல் சிவில் வழக்குப் போட 1871-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. அந்த வழக்கில் ஜெயித்தவரின் வழக்கறிஞர் கட்டணத்தைத் தோற்றவர் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட 1976-ல் இன்னொரு சட்டம் வழிசெய்தது. இழப்பீட்டில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொள்ளவும் அங்கே முடியும். அப்படியும், அதிகாரிகளுக்கு நீதிமன்றங்கள் கொடுத்திருக்கும் சட்டப் பாதுகாப்பால் பல வழக்குகள் பாதியிலேயே நின்றுபோகின்றன.

சிங்கப்பூரில் அமைப்பே வேறு. இழப்பீட்டில் பங்கு பேசி நீதிமன்ற வழக்கை எடுக்க வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்சிக்காரர் ஏற்க வேண்டி வரலாம். போலீசார் மேல் வரும் புகாரைப் போலீசின் உள்விவகாரப் பிரிவே விசாரிக்கிறது. ஆகவே இந்த வேலைக்கென்று தனியாகப் பெயர்ப்பலகை மாட்டிய அலுவலகத்தைத் தேடி அவள் அலைய வேண்டாம். திருட்டு, போதைப்பொருள், அடிதடி என்று அன்றாடம் வழக்காடும் குற்றவியல் வழக்கறிஞர்களிடம்தான் இப்படிப்பட்ட விவகாரங்களும் வந்து சேருகின்றன. அவள் போக வேண்டிய வழி அதுதான்.

இங்கே இதற்குத் தேவை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2010-ல் சாங்கி சிறையில் 21 வயது இளைஞர் ஒருவர், நம் சமூகத்துப் பிள்ளை, அதிகாரி ஒருவரைத் தாக்கிய பிறகு அடக்கப்பட்டார். அப்போது குப்புறக் கிடத்தப்பட்டதில் மூச்சுத்திணறி இறந்துபோனார். 2013-ல் மூத்த அதிகாரி ஒருவர் தன் கவனக்குறைவை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்; 10,000 வெள்ளி அபராதம். இழப்பீட்டுப் பொறுப்பை அரசாங்கம் ஏற்றது. ஆனால் மரண விசாரணை பாதியில் முடிக்கப்பட்டது. அதை மீண்டும் நடத்தச் சொல்லி அவருடைய தாய் நீதிமன்றம் போனார், கிடைக்கவில்லை. அந்தத் தாயின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பிள்ளை கடைசியாக இருந்த அறையில் என்ன நடந்தது என்று முழுவதும் தெரிந்துகொள்ள நினைப்பவருக்குப் பக்கத்தில், சட்டம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டாமா?

சில சமயம் கேள்விக்குப் பலனும் உண்டு. 2016-ல் 14 வயது மாணவன் ஒருவன் போலீஸ் விசாரணைக்குப் போய்வந்த அன்றே இறந்தான். நாடே கலங்கியது, நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. மறு ஆண்டு, 16 வயதுக்கு உட்பட்டவர்களை விசாரிக்கும்போது பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் கூட உட்காரும் ஏற்பாடு வந்தது. 2024 அக்டோபரில், மரண தண்டனைக் கைதிகள் 13 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய கடிதங்களைச் சிறைத்துறை, அரசுத் தரப்பில் வழக்காடும் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு அனுப்பியது சட்டப்படி தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே அறிவித்தது. தூக்குக்காகக் காத்திருப்பவரின் கடிதத்துக்கும் சட்டம் காவல் நிற்கிறது என்றால், அதைப் பெருமையாகத்தான் நான் நினைக்கிறேன்.

உங்கள் தம்பிக்கு வருவோம். மருமகள் பேசியது தன் வேலையையே குறை சொல்வதுபோல் அவருக்குப் பட்டிருக்கும். முரட்டுக் கைதிகளுக்கு நடுவில் ஷிப்ட் பார்ப்பவரின் களைப்பு சட்டப் புத்தகத்தில் இருக்காது. ஆனால் ஒன்று: பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பதற்கு வெளிச் சாட்சி கிடையாது. கேமராப் பதிவும், பணிப் பதிவேடும், அன்றே டாக்டர் எழுதிய குறிப்பும்தான் பேசும். ஒழுங்காக வேலை செய்த அதிகாரி மேல் பொய்ப்புகார் வந்தால் அவரைக் காப்பாற்றுவதும் அதே பதிவுகள்தான். இதை முன்வைத்து இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். சிறையில் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று பொதுவாக அவள் மாமாவிடம் கேட்கட்டும். கைதிகளைப் பற்றியும் நடப்பு விவகாரங்களைப் பற்றியும் அவர் சொல்லக்கூடாது, இவளும் கேட்கக்கூடாது.

பெயர் விஷயம். கைதானவர் தன் வழக்கறிஞரை அணுகும் உரிமையை நம் அரசியல் சாசனத்தின் 9-ஆம் பிரிவே தருகிறது. 2022 டிசம்பரிலிருந்து, வசதியில்லாதவர்களுக்காக வாதாட அரசாங்கமே சம்பளம் கொடுத்து வழக்கறிஞர்களை வைத்திருக்கிறது. கொலை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாழ்நாளெல்லாம் நின்றவர் மறைந்த சுபாஸ் ஆனந்தன். அவர் பெயரை இந்த ஊர் எவ்வளவு மரியாதையோடு சொல்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

நீங்கள் மகளிடம் கேட்க வேண்டியது வேறு. இப்படி வரும் கட்சிக்காரர் பெரும்பாலும் பாவப்பட்ட அப்பாவியாக இருக்க மாட்டார். அடி வாங்கியவரே ஒரு பெண்ணை அடித்துவிட்டு உள்ளே போனவராக இருக்கலாம். அவருக்காகவும் ராத்திரி கண்விழித்துக் கோப்பு படிப்பாயா என்று கேளுங்கள். உடனே பதில் சொல்லச் சொல்லாதீர்கள். அப்புறம், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதும் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தட்டும். 2016-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் கடுமையானது.

வருமானம், சந்தேகமில்லாமல், பெரிய நிறுவனத்துக்குப் போகும் தோழிகளைவிடக் குறைவுதான். படிப்புக் கடன் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட முடியும், வீட்டுக்கு அவள் பணம் தர வேண்டுமா என்பதை அப்பாவும் மகளும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்க்கட்டும். இந்த விடுமுறையில் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தில் மாணவர்களுக்குத் தொண்டூழிய வாய்ப்பு இருக்கிறதா என்று அவள் விசாரிக்கட்டும். 1985-லிருந்து நடக்கும் திட்டம் அது. படிப்பு முடிந்ததும் தொழில் பழகும் காலத்தைப் பெரிய பெயருக்காகத் தேர்ந்தெடுக்காமல், நாள்தோறும் நீதிமன்றம் ஏறும் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் கழித்தால் நல்லது. அங்கே முடித்த பிறகும் இதே ஆசை இருந்தால், நீங்கள் மறுக்காதீர்கள்.